ஐஸ் தண்ணீரில் முகத்தை முக்குவதற்கு ஃபீஸா?

அல்சூர்வாசி: நேற்று ஒருவர் இங்கே, "கோபமோ பதற்றமோ, டிபிடிதான் மருந்து, சிபிடி பழைய சரக்கு" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டுமே பேச்சுவழி மனநல சிகிச்சைகள்: டிபிடி என்றால் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சிபிடி என்றால் காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி. சிபிடி 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கியதாம், அதனால் பழசாம்! மனதில் வரும் எண்ணத்தை எழுது, அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார். இதில் என்ன குறை? டிபிடியில் சொல்லித்தருவதுபோல் ஐஸ் தண்ணீரில் முகத்தை முக்குவதற்கு ஃபீஸ் வேறு கட்ட வேண்டுமா?

கோரமங்களா குயில்: அந்த "ஒருவர்" நான்தான் சார். பெயரைச் சொல்ல வாய் வரவில்லையோ? மூச்சை அடக்கி முகத்தைக் குளிர்ந்த நீரில் வைத்தால் இதயத் துடிப்பு குறையும். ஆத்திரம் தலைக்கேறி நிற்கும்போது யாராவது நோட்டைத் திறந்து ஆதாரம் தேடுவார்களா?

அல்சூர்வாசி: ஆக, ஐஸ் தண்ணீர்தான். நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

ஓசூர் ரோடு: ஐஸ் அதில் ஒரு துணுக்கு சார். டிபிடியை உருவாக்கிய மார்ஷா லினஹன் 1993இல் வெளியிட்ட பயிற்சி நூலிலேயே நான்கு பகுதிகள்: மைண்ட்ஃபுல்னஸ் (இந்தக் கணத்தில் கவனம் வைப்பது), துயரத்தைத் தாங்குவது, உணர்ச்சியைக் கையாள்வது, உறவுகளில் பேசிச் சமாளிப்பது. வாராவாரம் குழு வகுப்பு, தனியாக ஆலோசனை, அன்றன்றைய உணர்ச்சிகளைக் குறித்துவைக்க தினமும் நிரப்பும் டைரி கார்டு. தற்கொலை எண்ணம் விடாமல் துரத்தியவர்களுக்காகத் தொடங்கிய முறை. டிபிடி பிறந்ததே சிபிடியிலிருந்துதான், இதில் சண்டை எதற்கு? இதய நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் ஐஸ் பக்கம் போக வேண்டாம்.

அல்சூர்வாசி: பார்த்தீர்களா, ஆபத்து வேறு!

கோரமங்களா குயில்: இதய நோயாளிக்கு மாடிப்படியும்தான் ஆபத்து. இங்கே முன்பு நடந்த டேங்கர் தண்ணீர் விவாதத்திலும் இப்படித்தான் ஒரே வரியைப் பிடித்துத் தொங்கினீர்கள்.

அல்சூர்வாசி: தொங்கினேன், சரியாகவும் சொன்னேன். கோடையில் குளிக்கவே தண்ணீர் இல்லாத பெங்களூரில் இவருக்குப் பாத்திரம் நிறைய ஐஸ்.

சில்க்போர்டு சித்தன்: அண்ணா, உளவியலாளர் ஸ்டீவன் ஹேஸின் ஏசிடி (அக்செப்டன்ஸ் அண்ட் கமிட்மென்ட் தெரபி) சிகிச்சை எப்படி? எண்ணத்தோடு மல்லுக்கட்டாதே, அது பாட்டுக்கு வந்து போகட்டும், உனக்கு முக்கியமானதைச் செய் என்கிறார்கள்.

அல்சூர்வாசி: அதை எங்கள் தாத்தா காசு வாங்காமல் சொன்னார் தம்பி.

ஓசூர் ரோடு: உங்கள் தாத்தா ஆய்வு நடத்தினாரா?

அல்சூர்வாசி: தாத்தாவை இழுக்காதீர்கள். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை வாசல் வழியாக தினமும் போனால் டாக்டர் ஆகிவிட முடியாது.

ஓசூர் ரோடு: தாத்தாவை இழுத்தது நீங்கள்.

அல்சூர்வாசி: ஐஸுக்குப் பதில் வரவில்லை.

கோரமங்களா குயில்: மேலேயே இருக்கிறது, கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். அந்த டேங்கர் விவாதத்தில் எனக்கு நீங்கள் தர வேண்டிய பதில்தான் பாக்கி.