குலசாமி கோயில் லொகேஷன் போட்டால் கடல் காட்டுகிறது – அவசரம்

ஊருணி:
உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் குலசாமி கோயில். நாளைக் காலை கிளம்புகிறோம். மேப்பில் பெயர் போட்டுத் தேடினால் வரவில்லை. அண்ணன் அனுப்பிய எண்ணைப் போட்டால் நடுக்கடலில் பின் (இடத்தைக் காட்டும் குறி) விழுகிறது. வயசானவர்களும் வருகிறார்கள், தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

தென்றல்77:
போனா, கம்ப்யூட்டரா? என்ன எண்? அதைப் போடாமல் எப்படிச் சொல்வது?

கார்மேகம்:
ஜிபிஎஸ் கோளாறுதான். போனைக் கையில் பிடித்துக் காற்றில் எட்டுப் போடுங்கள். எனக்கு எப்போதும் அதில்தான் சரியாகும்.

நிலவரை:
எட்டுப் போடுவது திசைகாட்டிக்கு. நீங்கள் நிற்கும் திசை தப்பாகக் காட்டினால் செய்யலாம். தேடுகிற இடம் தப்பாக வருவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அடிப்படை தெரியாமல் வைத்தியம் சொல்ல வேண்டாம் என்று எத்தனை தடவை எழுதுவது.

ஊருணி:
ஆண்ட்ராய்டு போன். எண் 77.8123, 9.9417. அண்ணன் சர்வே வேலையில் இருக்கிறார், ஏதோ கேஎம்எல் ஃபைலில் இருந்து எடுத்தாராம்.

தென்றல்77:
அதுதான் காரணம். கேஎம்எல் என்பது மேப்பில் குறித்த இடங்களைச் சேமிக்கும் ஃபைல். அதில் தீர்க்கரேகை முன்னால் வரும், அட்சரேகை பின்னால். மேப்பின் தேடல் பெட்டிக்கு அட்சரேகைதான் முதலில் வேண்டும். நீங்கள் போட்டபடி பார்த்தால் வடக்கே 77 பாகை, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே உள்ள கடல். 9.9417, 77.8123 என்று மாற்றிப் போடுங்கள். தமிழ்நாட்டில் எந்த ஊராக இருந்தாலும் சின்ன எண்தான் முதலில். புள்ளிக்குப் பின்னால் நாலு இலக்கத்தையும் விடாதீர்கள். நாலு இருந்தால் சுமார் 11 மீட்டருக்குள் இடம் கிடைக்கும், இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் தள்ளிப்போகலாம்.

கார்மேகம்:
இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் பிளஸ் கோடு இருக்கிறது, இடத்தைக் காட்டும் சின்னக் குறியீடு. அதில் முன்பின் மாற வழியே இல்லை.

நிலவரை:
சுருக்கிய பிளஸ் கோடு ஊர்ப் பெயர் சேர்க்காமல் வேலை செய்யாது. எழுத்தும் எண்ணும் கலந்த ஒன்றைப் போனில் சொல்லி ஒரு பெரியவரை எழுதவைத்துப் பாருங்கள்.

கார்மேகம்:
பதினொரு இலக்க எண்ணை மட்டும் பிழையில்லாமல் எழுதிவிடுவாரா? பிளஸ் கோட்டில் குழப்புகிற எழுத்துகளை விட்டுவிட்டுத்தானே வைத்திருக்கிறார்கள்.

வைகைக்கரை:
அந்தச் சண்டை இருக்கட்டும். ஊருணி, பின் சரியாக விழுந்தாலும் வழியைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். கோயிலுக்குப் போகும் மண்பாதை மேப்பில் வரையப்படாமல் இருந்தால், பின்னுக்குப் பக்கத்தில் இருக்கும் வேறு ரோட்டில் கொண்டுபோய் "வந்துவிட்டீர்கள்" என்று சொல்லிவிடும். எங்களைக் கண்மாயின் எதிர்க்கரையில் இறக்கிவிட்டது. கோபுரம் தெரிகிறது, நடுவில் தண்ணீர். சாட்டிலைட் காட்சிக்கு மாற்றி, பாதை தார் ரோட்டில் எங்கே சேர்கிறது என்று பார்த்து, அந்த முக்கில் விரலை அழுத்திப் பின் வையுங்கள். அதுவரை வழி கேளுங்கள். அப்புறம் அந்தப் பகுதியை வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், சிக்னல் இல்லாவிட்டாலும் காரில் போகும் வழியைக் காட்டும்.

ஊருணி:
மாற்றிப் போட்டேன், கோயில் கூரையே தெரிகிறது. பாதை பிரியும் இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அங்கே பின் வைத்துவிட்டேன். ரொம்ப நன்றி.

தென்றல்77:
போய் வந்ததும் கோயில் பெயரை மேப்பில் சேர்த்துவிடுங்கள். யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற மேப்பில் அந்த மண்பாதையையும் நீங்களே வரையலாம்.

கார்மேகம்:
சேர்க்கும்போது பிளஸ் கோட்டையும் பங்காளிகளுக்கு அனுப்புங்கள்.

நிலவரை:
உசிலம்பட்டி என்ற பெயரையும் சேர்த்து.