ஆர்எக்ஸ்ஜேஎஸ் தேடல் பெட்டி ஒருமுறை பிழை வந்ததும் மொத்தமாக நின்றுவிடுகிறது, உதவி தேவை

தேன்சிட்டு:
வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன். வெப் பக்கத்தில் ஒரு தேடல் பெட்டி, அதில் தட்டத் தட்ட சர்வரிலிருந்து பரிந்துரைகள் வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. இதற்கு ஆர்எக்ஸ்ஜேஎஸ் (அடுத்தடுத்து வரும் தரவை ஓடையாகக் கையாளும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) பொருத்தமாக இருக்கும் என்று எடுத்தேன். ஒரு பழைய பாடத்தைப் பார்த்து என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இறக்கும் கருவி) வழியாக இன்ஸ்டால் செய்தேன், பதிப்பு 7 வந்திருக்கிறது. பாடத்தில் உள்ளபடியே, தட்டுவதை ஓடையாக்கும் ஃப்ரம்ஈவன்ட்டுக்குப் பின்னால் புள்ளி வைத்து மேப், டிபவுன்ஸ்டைம் என்று அடுக்கினால் "மேப் இஸ் நாட் எ ஃபங்ஷன்" என்று பிழை வருகிறது. அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்தும் பார்த்தேன், அதே கதைதான். கோடைத் தொகுக்கும் பண்ட்லராக வீட் பயன்படுத்துகிறேன்.

மின்மினி:
உங்கள் இன்ஸ்டாலில் கோளாறு இல்லை, பாடம்தான் பழையது. முன்பு ஆபரேட்டர்கள் (மேப் போல ஓடையில் வருவதைக் கையாளும் படிகள்) எல்லாம் ஆப்சர்வபிளின் (மதிப்புகளை அனுப்பும் ஓடை) மேலேயே மெத்தடுகளாக இருந்தன. 2018-இல் வந்த பதிப்பு 6-இல் அந்த முறை போய்விட்டது. இப்போது ஒவ்வொரு ஆபரேட்டரும் தனி ஃபங்ஷன். பைப் என்று அழைத்து அதன் அடைப்புக்குள் காற்புள்ளி போட்டு வரிசையாகக் கொடுக்க வேண்டும். பதிப்பு 6-இல் ஆபரேட்டர்களை மட்டும் ஆபரேட்டர்ஸ் என்ற உட்பாதையிலிருந்து இம்போர்ட் செய்ய வேண்டியிருந்தது, 7.2-இலிருந்து எல்லாவற்றையும் ஆர்எக்ஸ்ஜேஎஸ் என்ற ஒரே இடத்திலிருந்து எடுக்கலாம். கம்பாட் பேக்கேஜைப் போட்டால் பழைய கோடு ஓடும் என்று எங்காவது படித்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள், அது 6-க்கு மாறியவர்களுக்காக வந்தது, 7-க்குக் கிடையாது. வெறும் ஆர்எக்ஸ் என்று இன்னொரு பேக்கேஜ் இருக்கிறது, அது பதிப்பு 4. ப்ராஜெக்டில் எது உட்கார்ந்திருக்கிறது என்று என்பிஎம் எல்எஸ் கொடுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தேன்சிட்டு:
மிக்க நன்றி, பைப்புக்குள் மாற்றியதும் ஓடிவிட்டது! ஆனால் இப்போது வேறு பிரச்சினை, இதுதான் என்னை அதிகம் குழப்புகிறது. சோதிப்பதற்காக நெட்டை ஒரு நொடி துண்டித்துவிட்டு இரண்டு எழுத்து தட்டினேன், பட்டியல் காலியானது, அது சரி. ஆனால் நெட் திரும்பி வந்த பிறகும் என்ன தட்டினாலும் ஒன்றும் வருவதில்லை. நெட்வொர்க் டேபில் ஒரு ரிக்வெஸ்ட்கூடப் போகவில்லை, கன்சோலில் சிவப்பு எழுத்தும் இல்லை. பக்கத்தை ரீலோட் செய்தால்தான் உயிர் வருகிறது. என் பைப்பில் இருக்கும் வரிசை: உள்ளீட்டின் மதிப்பை எடுக்கும் மேப், தட்டுவது நின்று 300 மில்லிசெகண்ட் ஆகும்வரை காத்திருக்கும் டிபவுன்ஸ்டைம், அதே சொல் மறுபடி வந்தால் விட்டுவிடும் டிஸ்டிங்ட்அன்டில்சேஞ்ச்டு, சர்வரிடம் ஃபெட்ச் செய்து, புதுச் சொல் வந்தால் பழையதை விட்டுவிடும் ஸ்விட்ச்மேப், கடைசியில் பிழை வந்தால் காலி பட்டியலைத் திருப்பும் கேட்ச்எரர். கேட்ச்எரர் போட்ட பிறகும் ஏன் நிற்கிறது?

நீலவானம்:
கேட்ச்எரரைப் போட்டிருக்கும் இடம்தான் காரணம். நானும் இதே குழியில் விழுந்து எழுந்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு ஆப்சர்வபிள் எத்தனை மதிப்புகளை வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆனால் எரர், கம்ப்ளீட் இரண்டில் ஏதாவது ஒன்று வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது, அதற்குப் பிறகு அதிலிருந்து எதுவும் வராது. உங்கள் கோடில் இரண்டு ஓடைகள் இருக்கின்றன: தட்டும் எழுத்துகள் வரும் வெளி ஓடை, ஒவ்வொரு சொல்லுக்கும் ஸ்விட்ச்மேப்புக்குள் பிறந்து முடியும் ஃபெட்ச் என்ற உள் ஓடை. உள்ளே ஃபெட்ச் தோற்றதும் அந்தப் பிழை ஸ்விட்ச்மேப் வழியாக வெளி ஓடைக்கு வந்து அதையே முடித்துவிடுகிறது. தேடல் பெட்டியில் தட்டுவதைக் கவனித்துக்கொண்டிருந்த லிசனரும் அப்போதே கழன்றுவிடும், அதனால்தான் ரிக்வெஸ்ட் போகவில்லை. கடைசியில் நிற்கும் கேட்ச்எரர் பிழையைப் பிடித்து, அதற்குப் பதிலாக நீங்கள் கொடுத்த காலி பட்டியலின் ஓடையை வைக்கிறது. அது ஒரே ஒரு மதிப்பைத் தந்துவிட்டு கம்ப்ளீட் ஆகிவிடும். பிழை பிடிபட்டுவிட்டதால் கன்சோலிலும் சத்தம் இல்லை. நம்பிக்கை வராவிட்டால் சப்ஸ்கிரைபில் (ஓடையைக் கேட்கத் தொடங்கும் இடம்) கம்ப்ளீட்டுக்கும் ஒரு கன்சோல் லாக் போட்டுப் பாருங்கள், நெட்டைத் துண்டித்துத் தட்டியதும் அது அச்சாகும்.

ஆகவே கேட்ச்எரரை ஸ்விட்ச்மேப்புக்கு உள்ளே கொண்டுபோங்கள். ஃபெட்ச் தருவது ப்ராமிஸ் (பின்னால் ஒரே ஒரு பதிலையோ பிழையையோ தரும் ஆப்ஜெக்ட்), அதற்கு பைப் கிடையாது. முதலில் ஃப்ரம் என்ற ஃபங்ஷனால் சுற்றி, அதன் பைப்பில் கேட்ச்எரரை வையுங்கள். பிழை உள் ஓடையோடு முடிந்துவிடும், வெளி ஓடை அடுத்த எழுத்துக்குக் காத்திருக்கும்.

கரையோரம்:
இவ்வளவு எதற்கு? கேட்ச்எரரை எடுத்துவிட்டு அதே இடத்தில் ரீட்ரை போட்டால் போதுமே, நான் அப்படித்தான் செய்கிறேன்.

நீலவானம்:
ஓடும், மறுக்கவில்லை. ரீட்ரை மூலத்துக்கே மறுபடி சப்ஸ்கிரைப் செய்வதால் லிசனர் திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஆனால் தோற்றுப்போன சொல்லை அது மறுபடி தேடாது, ஏனென்றால் அந்த ஈவன்ட் எப்போதோ கடந்துவிட்டது. பிழை நடந்ததே பயனருக்குத் தெரியாமலும் போய்விடும். நெட்டே இல்லாமல் ஒருவர் காத்துக்கொண்டிருக்கும்போது அவரிடம் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ரீட்ரை வேண்டுமென்றால் அதையும் உள் ஓடையில் கேட்ச்எரருக்கு முன்னால் வைக்கலாம். அங்கும் ஒரு விஷயம்: ஃபெட்ச்சை டிஃபர் (சப்ஸ்கிரைப் ஆகும் ஒவ்வொரு முறையும் உள்ளிருப்பதைப் புதிதாக ஓட்டும் ஃபங்ஷன்) என்பதற்குள் வைக்காவிட்டால் தோற்றுப்போன அதே ப்ராமிஸைத்தான் அது திரும்பத் திரும்பக் கேட்கும்.

மின்மினி:
தேன்சிட்டு, இன்னொன்றையும் கவனியுங்கள். சர்வர் 404 அல்லது 500 அனுப்பினால் ஃபெட்ச் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாது, ப்ராமிஸ் வெற்றியாகவே முடியும். ரெஸ்பான்ஸின் ஓகே என்ற பண்பு பொய்யாக இருந்தால் நீங்களே பிழையை வீச வேண்டும். அப்புறம், ஸ்விட்ச்மேப் பழைய பதிலை ஒதுக்கிவிடுமே தவிர, வெறும் ஃபெட்ச்சாக இருந்தால் போய்விட்ட ரிக்வெஸ்டை நிறுத்தாது. ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸிலேயே ஃபெட்ச் என்ற உட்பாதையில் ஃப்ரம்ஃபெட்ச் இருக்கிறது, அது அபார்ட்கன்ட்ரோலர் வைத்து உண்மையிலேயே ரத்து செய்யும். அதைப் பயன்படுத்தினால் தனியாக ஃப்ரம் சுற்றவும் வேண்டாம், டிஃபரும் வேண்டாம், சப்ஸ்கிரைப் ஆகும் ஒவ்வொரு முறையும் புது ரிக்வெஸ்ட் போகும்.

தேன்சிட்டு:
முதலில் கம்ப்ளீட்டுக்கு லாக் போட்டுப் பார்த்தேன், நெட்டைத் துண்டித்துத் தட்டியதும் அச்சானது. அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகுதான் எல்லாம் விளங்கியது. ஃப்ரம்ஃபெட்ச்சுக்கு மாறி, கேட்ச்எரரை உள்ளே வைத்து, ஓகே சோதனையும் சேர்த்துவிட்டேன். பத்து முறையாவது நெட்டைத் துண்டித்து இணைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் அடுத்த எழுத்திலேயே பட்டியல் திரும்பி வருகிறது. காலி பட்டியலைத் திருப்புவதையும் விட்டுவிட்டேன், இப்போது பிழை என்று குறித்த ஒரு ஆப்ஜெக்டைத் திருப்பி, "இணைப்பு இல்லை" என்று பெட்டிக்குக் கீழே காட்டுகிறேன். முன்பு இருந்தபடி விட்டிருந்தால், தேடியது கிடைக்கவில்லை என்றே பயனர் நினைத்திருப்பார். மூவருக்கும் மனமார்ந்த நன்றி.