சின்ன எனர்ஜி ஆடிட் ஆபீஸுக்கு வெப்சைட்: எதை வைக்கலாம், எதை தூக்கலாம்?

கோவைஆடிட்:

வணக்கம்ங்க. நானும் என் ஃப்ரெண்டும் சேர்ந்து கோயமுத்தூர்ல எனர்ஜி ஆடிட் பண்றோம். ரெண்டு பேருமே பிஇஇ (மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பு) பரீட்சை பாஸ் பண்ணின எனர்ஜி ஆடிட்டர்ங்க, அதுக்கு முன்னாடி மில் மெயின்டனன்ஸ்ல 15 வருஷம். ஸ்பின்னிங் மில், ஃபவுண்டரினு போய் கம்ப்ரஸர், ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட் (மில்லுக்குள்ள ஈரப்பதம் வைக்கறது), மோட்டார் லோடு, எச்டி (ஹை டென்ஷன்) கரண்ட் பில்லு எல்லாம் பாத்து எங்கெங்க கரண்ட் வீணாகுதுனு ரிப்போர்ட் குடுப்போம். இதுவரைக்கும் வேலை எல்லாம் தெரிஞ்சவங்க சொல்லித்தான் வந்துச்சு.

போன வருஷம் 45,000 ரூபா குடுத்து ஒருத்தர்கிட்ட வெப்சைட் பண்ணினோம், எட்டு மாசம் ஆச்சு, அதைப் பாத்துட்டு ஒரு ஃபோன் கூட வரல. முதல் பக்கத்துல அஞ்சு படம் மாறி மாறி ஓடும், கோட்டு போட்ட வெளிநாட்டுக்காரங்க கைகுலுக்கற ஃபோட்டோ, கீழ விஷன், மிஷன், மெனுவுல 11 ஐட்டம், அதுல நாலு "விரைவில்"னு நிக்குது. போன வாரம் திருப்பூர் பார்ட்டி ஒருத்தர் "உங்க சைட்ட பாத்தேங்க, சோலார் பேனல் விக்கறவங்கன்னு நெனச்சுட்டேன்"னு சொன்னாரு, அது ரொம்ப மனசுக்கு கஷ்டமா போச்சு. இப்ப திருப்பி சின்னதா பண்ணலாம்னு இருக்கோம். எத்தனை பக்கம் போதும், ரேட் போடலாமா, தமிழ்லயா இங்கிலீஷ்லயா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பக்கவடிவம்:

சார், நான் சின்ன ஆபீஸுகளுக்குத்தான் சைட் பண்றேன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். அந்த திருப்பூர்காரர் சொன்னதுலயே விஷயம் முழுசா இருக்கு. அவர் வந்தாரு, பாத்தாரு, நீங்க யாருனு புரியாம போயிட்டாரு. ஃபோன்ல சைட்ட திறந்தா விரல் வைக்கறதுக்கு முன்னாடி கண்ணுல படற இடத்துல மூணே விஷயம் இருக்கணும்: யாருக்கு வேலை செய்றீங்க, அவங்களுக்கு அதனால என்ன நடக்கும், உங்கள எப்படி பிடிக்கறது. மாறி மாறி ஓடற படத்த முதல்ல எடுத்துடுங்க, ரெண்டாவது படம் வர்ற வரைக்கும் யாரும் காத்திருக்க மாட்டாங்க, பக்கமும் அதனாலதான் கனமாகுது.

பக்கம் நாலு போதும். முகப்பு, என்ன செய்றோம், செஞ்ச வேலை, தொடர்பு. உங்க ரெண்டு பேர பத்தி தனி பக்கம் வேண்டாம், முகப்புலயே ரெண்டு ஃபோட்டோவும் நாலு வரியும் வையுங்க, அந்த ஃபோட்டோ ஸ்டூடியோல எடுத்ததா இருக்கக்கூடாது. பேனலுக்கு முன்னாடி பவர் அனலைசர் (கரண்ட அளக்கற கருவி) மாட்டிட்டு நிக்கறீங்கல்ல, அந்த ஃபோட்டோ. கிளாம்ப் மீட்டர் கையில இருக்கற ஆள பாத்தா மில்லுக்காரருக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியதில்ல.

நான் ரொம்ப அழுத்தி சொல்றது "செஞ்ச வேலை" பக்கம்தான். மில் பேரு போட வேண்டாம், "பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்"னு போட்டு, போனப்போ என்ன பிரச்சினை, என்ன அளந்தீங்க, என்ன மாத்த சொன்னீங்க, அப்புறம் யூனிட் எவ்வளவு குறைஞ்சது, அதுக்கு என்ன செலவாச்சுனு நேரா எழுதுங்க. அப்படி மூணு இருந்தா போதும். ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போடுங்க, பேரு இல்லாட்டியும் ஊருக்குள்ள யாருனு கண்டுபிடிச்சுடுவாங்க.

---

நூல்கணக்கு:

நான் அந்தப் பக்கத்து ஆளுங்க, ஸ்பின்னிங் மில்லுல இன்ஜினியரிங் டிபார்ட்மென்ட் பாக்கறேன், ஆடிட்டுக்கு ஆள் தேடி சைட் சைட்டா பாத்திருக்கேன். எங்களுக்கு விஷன் மிஷன் எதுவும் வேண்டாம். நான் தேடறது இதுதான்: ஆடிட் நடக்கறப்போ மிஷின நிறுத்தணுமா, எத்தனை நாள் மில்லுக்குள்ள இருப்பீங்க, மீட்டர் எல்லாம் உங்களோடதா, எங்க எலெக்ட்ரீஷியன் கூட வரணுமா, ரிப்போர்ட்ல ஒவ்வொரு ஐட்டத்துக்கும் செலவும் எத்தனை மாசத்துல அது திரும்ப வரும்ங்கறதும் இருக்குமா. இத ஒருத்தர் கூட எழுதறதில்ல, எல்லாரும் "முழுமையான தீர்வுகள்"னு போட்டுட்டு விட்டுடறாங்க. நான் அந்த லிங்க எங்க எம்டிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பணும், அவர் கார்ல போறப்போ பாப்பாரு, அவ்வளவுதான் டைம்.

ரேட் பத்தி கேட்டீங்க. துல்லியமா வேண்டாம், "இவ்வளவு லோடு இருக்கற மில்லுக்கு இத்தனை நாள், இங்கருந்து ஆரம்பம்"னு ஒரு வரி போட்டீங்கன்னா நாங்க தைரியமா கூப்புடுவோம். ஒண்ணுமே போடலன்னா பெரிய கம்பெனி ரேட்டா இருக்கும்னு நெனச்சு விட்டுடுவோம்.

இன்னொண்ணு, இது என் ஆசை. கம்ப்ரஸ்டு ஏர் லீக் எவ்வளவுனு மில்லுக்காரனே பாத்துக்கற மாதிரி ஒரு பக்கம் எழுதுங்க. ஆட்டோகோனருக்கு (நூல கோன்ல சுத்தற மிஷின்) காத்து ஓயாம போயிட்டே இருக்கும், லீவு நாள்ல மிஷின் எல்லாம் நின்னப்புறம், விஎஃப்டி (மோட்டார் வேகத்த கூட்டி குறைக்கற டிரைவ்) இல்லாத கம்ப்ரஸர மட்டும் ஓட விட்டு, லோடுல (காத்த அமுக்கிட்டு) எத்தனை நிமிஷம் ஓடுது, அன்லோடுல (அமுக்காம சும்மா) எத்தனை நிமிஷம்னு நாலஞ்சு சுத்து குறிச்சா போதுமே. லோடு 2 நிமிஷம், அன்லோடு 6 நிமிஷம்னா எட்டுல ரெண்டு, அந்த கம்ப்ரஸர் முழு லோடுல குடுக்கற காத்துல 25 சதவீதம் ஓட்டையில போகுதுனு அர்த்தம். இத ஓசியில சொல்லிக் குடுத்தா வேலை போயிடுமோனு பயப்படாதீங்க. 25 வந்தத கண்ணால பாத்தவன் அன்னிக்கே உங்களுக்குத்தான் ஃபோன் பண்ணுவான்.

---

சர்வர்ரூம்:

டிசைன் எல்லாம் அப்புறம் ப்ரோ, முதல்ல டொமைன் யார் பேருல இருக்குனு பாருங்க. சைட் பண்ணினவர் தன்னோட அக்கவுண்ட்ல வாங்கி வச்சிருந்தா, ரினியூவல் அன்னிக்கு அவர் ஃபோன எடுக்கலன்னா உங்க பேரே போயிடும். இப்ப சண்டை எதுவும் இல்லாதப்பவே நல்லபடியா பேசி, ஆத் கோடு (டொமைன மாத்தறதுக்கான ரகசிய கோடு) வாங்கி உங்க சொந்த அக்கவுண்டுக்கு மாத்திக்குங்க. எங்க ஆபீஸ்லயே இது நடந்து பழைய பேர திரும்ப வாங்க முடியல, விசிட்டிங் கார்டு லெட்டர்பேட் எல்லாம் புதுசா அடிச்சோம்.

அப்புறம் வேகம். கூகுளோட பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ்ல (சைட் வேகம் பாக்கற டூல்) மொபைல்ல போட்டு பாருங்க, பெரிய படம் தெரியறதுக்கு 2.5 செகண்டுக்குள்ள இருந்தா நல்லதுனு கூகுளே சொல்லுது. ஃபோன்ல எடுத்த 4 எம்பி ஃபோட்டோவ அப்படியே ஏத்தாதீங்க, வெப்பி (WebP) ஃபார்மேட்ல மாத்தினா 150 கேபிக்குள்ள அழகா வந்துடும். பூட்டு சின்னம் வர்ற எஸ்எஸ்எல்லுக்கு யாராவது தனியா காசு கேட்டா குடுக்காதீங்க, லெட்ஸ் என்க்ரிப்ட்ல இலவசம்.

தொடர்புல பெரிய ஃபார்ம் வேண்டாம், தொட்டா கால் போற நம்பர், தொட்டா வாட்ஸ்அப் திறக்கற பட்டன். ஃபார்ம் வச்சே ஆகணும்னா பேரு, ஃபோன், மில் எந்த ஊர்ல, அவ்வளவுதான். ஆமா, இப்ப இருக்கற ஃபார்ம்ல நீங்களே ஒண்ணு அனுப்பி பாத்தீங்களா? எட்டு மாசமா வந்ததெல்லாம் ஸ்பேம்ல கிடக்கலாம்.

---

கோவைஆடிட்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. சர்வர்ரூம் சொன்னத படிச்சுட்டு உடனே அனுப்பி பாத்தேன், மெயில் வரவே இல்ல. தேடினா அந்த ஃபார்ம் சைட் பண்ணினவரோட பழைய ஐடிக்கு போயிட்டு இருக்கு. அவர்கிட்ட பேசினேன், நல்லவிதமா பேசினாரு, தேடி பாத்து மூணு விசாரணை வந்து கிடக்குதுனு அனுப்பி வச்சாரு, அதுல ஒண்ணு அவிநாசி மில், ஜனவரில அனுப்பினது. இன்னிக்கு காலைல கூப்பிட்டு மன்னிப்பு கேட்டேன், அவங்க வேற ஆள வச்சு முடிச்சுட்டாங்க. டொமைனும் மாத்தி குடுக்கறேன்னு சொல்லிட்டாரு.

முகப்புக்கு இப்படி எழுதியிருக்கேன், பாருங்க: "கோவை, திருப்பூர், ஈரோடு மில்களுக்கு தரமான எனர்ஜி ஆடிட்டிங் மற்றும் ஆலோசனை சேவைகள்." லீக் டெஸ்ட் பக்கம் ஃப்ரெண்டு எழுதிட்டு இருக்காரு.

---

பக்கவடிவம்:

சார், நம்ம ஊர்ல ஆடிட்டர்னா இன்கம்டாக்ஸ் பாக்கறவர்னுதான் முதல்ல தோணும், அதனால "ஆடிட்"ங்கற வார்த்தைய ரெண்டாவது வரிக்கு தள்ளுங்க. "தரமான", "சேவைகள்" ரெண்டும் போகட்டும். நான் எழுதினா இப்படி:

"உங்க மில்லுல கரண்ட் எங்க வீணாகுதுனு அளந்து சொல்றோம். மிஷின் நிறுத்த வேண்டாம். கோவை, திருப்பூர், ஈரோடு."

கீழ சின்ன எழுத்துல "பிஇஇ சான்று பெற்ற எனர்ஜி ஆடிட்டர்கள் இருவர்"னு போட்டு, அதுக்கு கீழ நம்பர். முகப்பும் லீக் டெஸ்ட் பக்கமும் தமிழ்ல இருக்கட்டும், சூப்பர்வைசர் ஷிஃப்டுல ஃபோன வச்சு படிக்கறது அதுதான். "செஞ்ச வேலை" பக்கம் மட்டும் இங்கிலீஷ்லயும் ஒண்ணு வையுங்க, பேங்க்காரங்களும் வடநாட்டு எம்டிகளும் கேப்பாங்க. தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபாண்ட், சைஸ் 17க்கு குறையாம, வரிக்கு வரி நல்லா இடைவெளி விட்டு. மேல் வரியோட சுழியும் கீழ் வரியோட புள்ளியும் இடிச்சுட்டு நின்னா வயசானவங்களுக்கு படிக்கவே முடியாது.

"மிஷின் நிறுத்த வேண்டாம்"ங்கறது உங்க வேலைக்கு எல்லா நேரமும் உண்மையானு மட்டும் பாத்துக்குங்க, இல்லன்னா அந்த வரிய எடுத்துடுங்க.

---

கோவைஆடிட்:

அனலைசர் மாட்டறப்போ சில பழைய பேனல்ல பத்து நிமிஷம் சப்ளை கட் பண்ணித்தான் ஆகணும்ங்க. அதையே எழுதிடறேன், "பழைய பேனலா இருந்தா 10 நிமிஷம் மட்டும்"னு.