செஞ்சி ரோட்டில் ராத்திரி பைக்: எக்ஸ்ட்ரா லைட் தேவையா, தொல்லையா?

செஞ்சி_சிவா
வண்டி ஹிமாலயன் 411, 2021 மாடல். வாரக் கடைசியில் ஷிஃப்ட் முடித்து ஒரகடத்திலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பினால் திண்டிவனம் தாண்டும்போது மணி பத்தாகிவிடுகிறது. அதுவரை ஜிஎஸ்டி ரோடு, நடுவில் தடுப்பு இருக்கிறது, கவலை இல்லை. செஞ்சி ரோட்டில் திரும்பியதும்தான் வம்பு. கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல் ஊர்ந்து போகும். கிட்டே போன பிறகுதான் தொங்குகிற தோகையே கண்ணில் படுகிறது. கம்பெனி ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை. 60 வாட் எல்இடி ஒரு ஜோடி கிராஷ் கார்டில் மாட்டித் தருகிறேன், ஹெட்லைட் வயரிலேயே கொக்கி போட்டுவிடலாம் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

நாமக்கல்_டிரெய்லர்
போடாதே தம்பி. லாரியில் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கே கண் கூசுகிறது. எதிரே எக்ஸ்எல்லில் வருகிற பெரியவருக்கு என்ன ஆகும்? நீ ஹெட்லைட்டை டிம் பண்ணுவாய், சரி. கீழே அந்த இரண்டும் எரிந்துகொண்டே இருக்குமே, அதற்கு ஏது டிம்? வருவது பைக்கா காரா, எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று எதுவும் பிடிபடாது. கூசின கண் தெளிய இரண்டு மூன்று நொடியாவது வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போய்விடுவோம். கணக்குப் போட்டுக்கொள்.

செஞ்சி_சிவா
அண்ணா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் விளக்கில்லாத டிரெய்லரில் நான் போய் முட்டினால்?

நாமக்கல்_டிரெய்லர்
வேகத்தைக் குறை. வெளிச்சம் எட்டுகிற தூரத்துக்குள் வண்டி நிற்க வேண்டும், ராத்திரியில் அதுதான் வேகம். எக்ஸ்ட்ரா லைட் போட்டவன் எவனாவது பழைய வேகத்தில் போகிறானா? 90-க்கு ஏறிவிடுகிறான்.

வயர்மேன்_வேலு
திருச்சியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். டிரைவர் அண்ணன் சொல்கிற கோளாறு உண்மைதான். ஆனால் அது லைட்டின் கோளாறு இல்லை, வயரிங் செய்த விதத்தின் கோளாறு.

முதலில் கரண்ட் கணக்கு. இந்த வண்டியின் ஆல்டர்னேட்டர், அதாவது கரண்ட் தயாரிக்கிற பாகம், 220 வாட். ஐட்லிங்கில் அவ்வளவு வராது. ஹெட்லைட் பிரைட்டில் 60 வாட் தின்னும். பெட்ரோல் பம்ப், இக்னிஷன், ஏபிஎஸ், பிரேக் லைட் எல்லாம் தனி. இதற்கு மேல் நிஜமாகவே 60 வாட் இழுக்கிற விளக்கு இரண்டு என்றால் இன்னொரு 120. செஞ்சி கடைத்தெருவில் ஊர்ந்து போகும்போது பேட்டரிதான் கொடுக்க வேண்டியிருக்கும், அதுவோ வெறும் 8 ஆம்பியர்-ஹவர். 20 வாட் இரண்டு போதும். பெட்டியில் அச்சடித்த வாட்டையும் நம்பாதீர்கள், மீட்டரில் ஆம்பியர் பாருங்கள். 12 வோல்ட்டில் 40 வாட் என்றால் 3.3 ஆம்பியர் காட்ட வேண்டும்.

அடுத்தது, ஹெட்லைட் வயரில் கொக்கி போடவே கூடாது. அது கூடுதல் லோடு தாங்கப் போட்ட வயர் இல்லை. ரிலே வையுங்கள், சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கிற சுவிட்ச் அது. அதன் முனைகளுக்கு எண் போட்டிருக்கும். 30-ஆம் முனைக்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேர் லைன், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 7.5 ஆம்பியர் ஃப்யூஸ். 87-இலிருந்து விளக்குக்கு. 85 எர்த். 86-ஐ ஹெட்லைட்டின் பிரைட் வயரிலிருந்து எடுங்கள், நடுவில் ஹேண்டில்பாரில் ஒரு சுவிட்ச். ரிலே காயில் இழுப்பது சொற்பம், பிரைட் வயர் அதைத் தாங்கும். இனி நீங்கள் டிம் போட்ட நொடியில் எக்ஸ்ட்ரா லைட்டும் சேர்ந்து அணைந்துவிடும். அண்ணன் கேட்ட டிம் இதுதான்.

ஜாயின்ட்டை முறுக்கி டேப் சுற்றி வைத்தால் ஒரு வெயில் காலத்தில் டேப் பிசின் மாதிரி இளகி வழியும். கிரிம்ப் செய்து, அதாவது உலோக மூட்டில் வைத்து நசுக்கி, சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். எர்த் பெயின்ட் அடித்த ஃபிரேமில் வேண்டாம், பேட்டரி நெகட்டிவுக்கே போகட்டும்.

கோத்தகிரி_கலை
பிரைட்டில் மட்டும் எரிகிற லைட் எங்கள் ஊருக்கு உதவாது வேலு அண்ணா. பனியில் பிரைட் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் எழும். டிம்மோடு எரிய வேண்டும், அதுவும் மஞ்சளாக. மஞ்சள்தான் பனியைக் கிழித்துக்கொண்டு போகும்.

பிசிக்ஸ்_வாத்தியார்
மஞ்சள் கிழிக்கும் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் பௌதிகம் அப்படி இல்லை. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அந்த அளவில் மஞ்சளும் நீலமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறும். பிரான்ஸில் 1936 முதல் 1993 வரை கார்களுக்கு மஞ்சள் ஹெட்லைட்தான் சட்டம், பிறகு விட்டுவிட்டார்கள். பனியில் உதவுவது நிறமல்ல, இடமும் வடிவமும். விளக்கு தாழ்வாக இருக்க வேண்டும். ஒளி அகலமாக விரிய வேண்டும், மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போல நிற்க வேண்டும்.

கோத்தகிரி_கலை
சார், தினமும் மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிறேன். 6000 கெல்வின், அதாவது நீலம் தட்டிய வெள்ளை, போட்ட நாளில் கண் எரிகிறது, மஞ்சளில் எரிவதில்லை. ஈர ரோட்டிலும் மஞ்சளில்தான் பள்ளம் தெரிகிறது. இதற்கு உங்கள் பௌதிகம் என்ன சொல்கிறது?

பிசிக்ஸ்_வாத்தியார்
அதை மறுக்கவில்லை. நீலம் குறைந்த ஒளி கண்ணுக்குக் கூச்சம் குறைவு. கிழிப்பது என்பதைத்தான் மறுக்கிறேன்.

வயர்மேன்_வேலு
கலைம்மா சொல்வது வேறு வேலை. தூரம் பார்க்கிற லைட்டும் பனி லைட்டும் ஒன்றில்லை. உங்களுக்கு 86-ஐ பார்க்கிங் லைட் வயரில் கொடுத்து, விரிந்த ஒளியுள்ள மஞ்சளைத் தாழ்வாக மாட்ட வேண்டும். சிவாவுக்கு மலையும் இல்லை பனியும் இல்லை, குறுகிய ஒளி போதும். இரண்டையும் ஒரே ஜோடியில் சாதிக்கப் பார்ப்பதால்தான் ஊரெல்லாம் கண் கூசுகிறது.

பார்_கவுன்சில்_பக்கம்
எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஜெயச்சந்திரா வழக்கில் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4)படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ.

வயர்மேன்_வேலு
பிஎம்டபிள்யூ ஜிஎஸ் பைக்கில் கம்பெனியே எக்ஸ்ட்ரா எல்இடி போட்டுத் தருகிறதே சார்? பணக்காரன் மாட்டினால் வசதி, ஏழை மாட்டினால் குற்றமா?

பார்_கவுன்சில்_பக்கம்
அது சோதித்து ஒப்புதல் வாங்கிய வண்டியோடு வருவது. உங்கள் கடையில் மாட்டுவதற்கு அந்த ஒப்புதல் இல்லை. இன்னொன்று, மத்திய மோட்டார் வாகன விதி 106-ஐப் படியுங்கள். விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிற கண்ணைக் கூச வைக்காதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. டிம் செய்கிற வசதி இருந்தால்தான் இதில் விலக்கு. சோதனையில் பிடித்தால் மாட்டிய கடைக்காரர் வந்து நிற்கமாட்டார் சிவா.

செஞ்சி_சிவா
சார், அந்த ஆபத்து என் தலையில்தான், தெரிகிறது. கரும்பு டிரெய்லர் அதைவிடப் பெரிய ஆபத்தாகப் படுகிறது. 20 வாட் ஜோடி, ரிலே, பிரைட்டோடு மட்டும் எரிகிற மாதிரி என்று முடிவு செய்துவிட்டேன். கோணம் எப்படி வைப்பது?

வயர்மேன்_வேலு
சமதளத்தில், சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்துங்கள். ஸ்டாண்டில் வேண்டாம், நீங்கள் மேலே உட்கார்ந்து இன்னொருவர் பார்க்கட்டும். தரையிலிருந்து விளக்கின் நடு எவ்வளவு உயரமோ அந்த உயரத்தில் சுவரில் சாக்பீஸ் கோடு. பளிச்சென்று இருக்கிற வட்டம் கோட்டுக்கு மூன்று நான்கு அங்குலம் கீழே விழ வேண்டும். சிங்கிள் சிலிண்டர் அதிர்வில் கிளாம்ப் சுற்றிக்கொண்டு விளக்கு வானம் பார்க்கும். அடியில் ரப்பர் வைத்து, அதிர்வில் கழலாத நைலாக் நட் போடுங்கள், மாதம் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

நாமக்கல்_டிரெய்லர்
வேலு சொன்ன மாதிரி பத்துப் பேரில் ஒருத்தன் செய்தால் அதிசயம். தம்பி, நீ செய்வதானால் ஒன்று சேர்த்துக்கொள். பின்சீட்டில் ஆள், பை எல்லாம் ஏற்றியும் அந்தச் சுவரில் பார். பின்பக்கம் அமுங்கினால் முன்னால் ஒளி தூக்கும். திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வருகிறவன் லைட்தான் எங்கள் கண்ணில் நேராக அடிக்கிறது.

எனக்கு ஆட்சேபம் இன்னும் போகவில்லை. ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர்கூட இல்லாமல் கரும்பு ஏற்றிவிடுகிறார்களே, அதைப் பற்றித் தனியாக ஒரு திரி ஆரம்பி. முதல் ஆளாக வருகிறேன்.