சின்ன கேபினட், 360 ரேடியேட்டர்: ரேமில் இடிக்கிறது, கேபினட்டை மாற்றலாமா?

ராத்திரி ரெண்டர்:
வணக்கம். வீட்டில் மேசை சின்னது, அதனால் கம்ப்யூட்டரின் பெரிய கேபினட்டைக் கொடுத்துவிட்டு, மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சின்ன அளவு போர்டுக்கான கேபினட் ஒன்று வாங்கினேன். பெயர் வேண்டாம். அட்டைப்பெட்டியில் "மேலே 360 ரேடியேட்டர் பொருந்தும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. என்னிடம் இருப்பது ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3, 360, ப்ராசஸரைத் திரவத்தால் குளிர்விக்கும் கூலர். நீளத்தில் சரியாக உட்கார்ந்தது. ஆனால் நடு ஃபேனின் விளிம்பு ரேம் தலையில் ஏறி நிற்கிறது, ஸ்க்ரூ துளை வரை ரேடியேட்டர் போகவே மாட்டேன் என்கிறது. அழுத்திப் பார்த்தேன், போர்டு லேசாக வளைந்தது. பயந்து எடுத்துவிட்டேன்.

ப்ராசஸர் ரைசன் 9 7950எக்ஸ், பி650 போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4070. கடைக்காரர் ஐந்து நாளுக்குள் கீறல் இல்லாமல் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகச் சொல்கிறார். 35 லிட்டர் கொள்ளளவுக்குள் வேறு எந்தக் கேபினட் எடுக்கலாம்?

ஸ்க்ரூடிரைவர் சாமி:
மாற்றுவதற்கு முன் டேப்பை எடுங்கள். 360 என்பது மூன்று 120 மி.மீ. ஃபேனின் கணக்கு, ரேடியேட்டரின் அளவு இல்லை. உங்களுடையதன் நீளம் 398 மி.மீ. அதைவிட முக்கியம், தடிமன் 38. பல ரேடியேட்டர்கள் 27தான் இருக்கும். ஃபேன் 25 சேர்த்தால் உங்களுக்கு 63, மற்றவர்களுக்கு 52. பெட்டியில் எழுதியவர் எந்தத் தடிமனை மனதில் வைத்து எழுதினாரோ!

நான்கு அளவு சொல்லுங்கள்: கூரையிலிருந்து போர்டின் மேல் விளிம்பு வரை, விளிம்பிலிருந்து ரேம் தொடங்கும் இடம் வரை, ரேமின் உயரம், போர்டிலிருந்து ரேடியேட்டர் எவ்வளவு தள்ளி நிற்கிறது.

ராத்திரி ரெண்டர்:
வரிசையாக 40, 14, 44, 30. ரேம் விளக்கு எரிகிற வகை. விளிம்பை ஒட்டியிருக்கும் ஹீட்சிங்க் 26தான், அது இடிக்கவில்லை.

ஸ்க்ரூடிரைவர் சாமி:
அப்போது விஷயம் தெளிவு. 63-இல் 40 போனால் 23 மி.மீ. போர்டுக்கு முன்னால் தொங்குகிறது. ரேம் 14-இலேயே ஆரம்பித்துவிடுகிறது. ரேடியேட்டர் 30-இல் நிற்பதால் 32 மி.மீ. குட்டை ரேம் போட்டாலும் 2 மி.மீ. இடிக்கும். ரேம் மேல் பழி இல்லை.

மினி பைத்தியம்:
மாற்றுவதென்றால் லியான் லி, டான் இருவரும் சேர்ந்து செய்த ஏ3 பாருங்கள். 26.3 லிட்டர், மேலே 360, கிராஃபிக்ஸ் கார்டு 415 மி.மீ. வரை. மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் முன்பக்கம் ஒரு தாங்கியில் உட்காரும். ஆசுஸ் ஏபி201-உம் நல்லது, 33 லிட்டர், கார்டு 338 வரை. இரண்டிலும் 63 மி.மீ. போகிறதா என்று பெட்டியை நம்பாமல் அளந்துவிட்டு வாங்குங்கள். என்ஆர்200 அழகுதான், 18 லிட்டர்தான், ஆனால் அது மினி ஐடிஎக்ஸ், இன்னும் சின்ன போர்டுக்கானது. உங்கள் போர்டு உள்ளே போகாது.

இன்னொன்று, இரண்டு 140 மி.மீ. ஃபேன் போடும் 280-ஐ மட்டமாக நினைக்காதீர்கள். ஃபேன் பரப்பைக் கணக்குப் போட்டால் 280-க்கு 39,200 சதுர மி.மீ., 360-க்கு 43,200. பெரிய வித்தியாசம் இல்லை.

பழைய பென்டியம்:
தம்பி, ப்ராசஸர் இழுக்கும் மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடு இருக்கிறதே, அதை 105 வாட்டில் போட்டால் (அது பெயரளவு எண்தான்) நிஜத்தில் 142 வாட்டோடு நின்றுவிடும். 155 மி.மீ. உயர டவர் கூலர், அதாவது காற்றால் குளிர்விப்பது, போதும். பம்ப் இல்லை, குழாய் இல்லை, நிம்மதி.

ராத்திரி ரெண்டர்:
அண்ணா, ஈகோ மோடு போடுகிறேன். கூலரை மட்டும் விடச் சொல்லாதீர்கள், வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது.

மினி பைத்தியம்:
முன்பக்கமோ பக்கவாட்டிலோ மாட்டினால் ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். உள்ளே இருக்கும் காற்று மேலே போய்ச் சேரும். அது பம்பில் சேர்ந்தால் கடகடவென்று சத்தம் வரும்.

ராத்திரி ரெண்டர்:
நாலாம் நாள் நிலவரம். செருப்புப் பெட்டி அட்டையை வெட்டி 398 x 120 x 63-க்கு ஒரு கட்டை செய்தேன். இன்னொன்று 52-க்கு. கடைக்குக் கிளம்பும் முன் சும்மா என் கேபினட்டிலேயே வைத்துப் பார்த்தேன். 52 கட்டை உள்ளே போய்விட்டது! 12 மி.மீ. தொங்குகிறது, ரேம் 14-இல். ரெண்டு மி.மீ. இடைவெளி, ஏடிஎம் கார்டு வழுக்கிக்கொண்டு போகிறது.

அலுவலக நண்பரிடம் 27 மி.மீ. தடிமனில் 360 இருந்தது. அவர் கேபினட் பீரோ மாதிரி. தடித்தது வேண்டுமா என்றேன், சந்தோஷமாக மாற்றிக்கொண்டார். கேபினட்டைத் திருப்பவில்லை.

மாட்டும்போது ஒரு பாடுபட்டேன். ரேடியேட்டரை ஏற்றிய பிறகு ப்ராசஸருக்கான 8 பின் ஒயருக்குக் கை நுழையவில்லை. எல்லாவற்றையும் இறக்கி, ஒயரை முதலில் சொருகிவிட்டு மறுபடி ஏற்றினேன். ரேம் கழற்றுவதென்றாலும் இதே கதைதான்.

அறை 33 டிகிரி, ஈகோ மோடில் அரை மணி நேர ரெண்டருக்கு ப்ராசஸர் 77 டிகிரி.

பழைய பென்டியம்:
டவர் கூலரிலும் அந்த அளவில்தான் நின்றிருக்கும். சரி, விடுங்கள். அந்த அட்டைக் கட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த மாதம் எனக்கு வேண்டும்.