மரச்செக்குக் கடலை எண்ணெய்க்கு விளம்பரம்: யோசனை தேவை

வணக்கம். ஈரோடு பக்கம் பெருந்துறையில் மரச்செக்குக் கடலை எண்ணெய் ஆட்டி விற்கிறோம். பழைய வாடிக்கையாளர்கள் மாதாமாதம் வாங்குகிறார்கள். தீபாவளிக்குப் பிறகு புது ஆள் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது.

நோட்டீஸ், உள்ளூர் கேபிள் டிவி இரண்டும் பார்த்தாயிற்று. 1966-லிருந்து அமுல் செய்வதுபோல, நாட்டு நடப்பைக் கிண்டலடித்து இன்ஸ்டாகிராமில் வாராவாரம் படம் போட்டோம். சிரித்தார்கள், பகிர்ந்தார்கள்; எண்ணெய் கேட்கத்தான் ஆளில்லை. அமுல் வெண்ணெய் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, ஞாபகப்படுத்தினாலே போதும். எங்களை யாருக்குத் தெரியும்?

அப்புறம், 2011-ல் ஆஸ்திரேலியாவில் கோகோ கோலா 150 பெயர்களைப் பாட்டிலில் அச்சடித்ததே, அந்த மாதிரி லேபிளில் வாங்குபவர் பெயரைப் போட்டோம். கல்யாண வீட்டு ஆர்டர் கொஞ்சம் வந்தது, அதோடு சரி.

இப்போது மனதில் இருப்பது ஃபோக்ஸ்வேகன். பெரிய கார் மோகம் பிடித்த அமெரிக்காவில், 1959-ல் தன் கார் சின்னது என்பதையே விளம்பரமாக்கியது. எங்கள் எண்ணெயில் வடை சுட்டால் நுரை பொங்கும், பாட்டில் அடியில் கசடு தங்கும், விலையும் ரீஃபைண்டை விட அதிகம். "கலப்படமா?" என்று கேட்காதவர்கள் குறைவு. அந்த நுரையையே பெரிதாகப் படம் பிடித்து, ஏன் பொங்குகிறது என்று பஸ் ஸ்டாண்ட் அருகே பேனர் வைக்கலாமா என்று யோசனை. குறையை நாமே கொட்டடிப்பதா என்கிறார் அப்பா.

உணவுப் பொருள் விற்கும் யாராவது இப்படிக் குறையை முன்னால் வைத்து விளம்பரம் செய்து, புது ஆட்கள் வாங்க வந்திருக்கிறார்களா?