கூந்தன்குளத்தில் ஒரு காலை

போன பிப்ரவரியில் நாங்கள் 11 பேர் திருநெல்வேலியிலிருந்து வேன் பிடித்து, பறவைகள் சரணாலயம் இருக்கிற கூந்தன்குளம் கிராமத்துக்குப் போனோம். விடியும்போது குளக்கரையில் நிற்க வேண்டும் என்று 4.30-க்கே கிளம்பியாயிற்று. எல்லோருக்கும் பட்டைத்தலை வாத்தைப் பார்க்கத்தான் ஆசை. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டிக் குளிர்காலத்துக்கு இங்கே வருகிற பறவை. கரையோரப் புல்லில் நாற்பது ஐம்பது மேய்ந்துகொண்டிருந்தன. பின்தலையில் இரண்டு கருப்புப் பட்டை. பார்த்தாயிற்று, மனசு நிறைந்தது.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது ஊர்த்தெருவில்தான். அங்கே மஞ்சள்மூக்கு நாரைகள் வீட்டுக் கொல்லை மரங்களில்கூடக் கூடு கட்டுகின்றன. வாசலெல்லாம் எச்சம், நல்ல நெடி. குஞ்சுகளின் கத்தல் ஓயவே இல்லை. வளர்ந்த நாரைக்கு அந்த மாதிரிக் குரல் கிடையாது, அலகைத்தான் தட்டும். 1994-ல் சரணாலயமாக அறிவிப்பதற்கு வெகு முன்பிருந்தே இந்த ஊர்க்காரர்கள்தான் காவல். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வைப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறது.

திண்ணையில் இருந்த ஆச்சியிடம், "நாத்தம் கஷ்டமா இல்லையா ஆச்சி?" என்று கேட்டேன்.

"அதுக வராத வருசம் ஊரே வெறிச்சுன்னு கெடக்கும்யா. அதுதான் கஷ்டம்."

அப்புறம்தான் அது நடந்தது. எங்களோடு வந்த ஒருவர், பறக்கிற படம் வேண்டும் என்று கையைத் தட்டிவிட்டார். தாழ்ந்த கிளையில் இருந்த நாரை எழும்பிப் போய்விட்டது. கூட்டில் இரண்டு குஞ்சுகள், வெள்ளைப் பஞ்சு மாதிரி. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது, உச்சி வெயில் நேரே கூட்டுக்குள் விழுந்தது. குஞ்சுகள் வாயைப் பிளந்து இரைக்க ஆரம்பித்தன. ஆச்சி எழுந்து வந்து, "தள்ளிப் போங்கய்யா, நீங்க நின்னா அது எறங்காது" என்றார். எனக்கு நெஞ்சு பதைத்தது. நண்பரும் கேமராவைப் பையில் போட்டுவிட்டார். எல்லோரும் தெருமுனைக்கு வந்து, பேச்சில்லாமல் நின்றோம். கூட்டமாகப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் பேசவில்லை.

பத்து நிமிடம் இருக்கும். நாரை திரும்பி வந்து கூட்டு விளிம்பில் இறங்கியது. வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு இறக்கையையும் குடை மாதிரி விரித்தது. குஞ்சுகள் நகர்ந்து நகர்ந்து அந்த நிழலுக்குள் போய் ஒடுங்கின.